ஒப்படைப்புப் பட்டியல்

முதல் பக்கத்தின் பதினான்காவது வரியில் அவளுடைய குடை இருந்தது. ‘குடை, நீலம், கைப்பிடியில் வெடிப்பு: 1.’ தட்டச்சு செய்து, முத்திரை குத்தி, மூன்று மாதத்துக்கு முந்தைய தேதி போட்ட பட்டியல். குடையோ வாசல் சுவரில் சாய்ந்து நின்று இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த வெடிப்பை உண்டாக்கியதே அவள்தான். போன வாரம், பழைய ஊரில், கார் கதவில் வைத்து நசுக்கியது. மூன்று மாதம் முன்னால் இப்படி ஒரு வீடு இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

சும்மா சொல்லக்கூடாது, வீடு அப்படிப்பட்ட வீடு. கணவனுக்கு மாற்றல் வந்தபோது நேரில் வந்து பார்க்க நேரமில்லை. தரகர் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து அறை அறையாக நடந்து காட்ட, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் சோபாவில் உட்கார்ந்தபடியே வாங்கிவிட்டார்கள். பளபளக்கும் மரத்தரை, வளைந்து ஏறும் மாடிப்படி, கூடத்தின் நடுவே சரவிளக்கு. வெளியே தெருவின் இருபுறமும் கிளை கோத்து நின்ற வயதான மரங்கள், ஆள் உயரத்தைத் தாண்டிய மதில்கள். “இந்தத் தெருவுல வீடு விலைக்கு வர்றதே அபூர்வம் மேடம்” என்று நூறு தடவை சொல்லியிருப்பார் மனுஷன். விற்பனை சாமான்களோடு சேர்த்து. பட்டியலில் இருப்பதையெல்லாம் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டு வைத்தால், ஏழு மணிக்கு அவர் வந்து வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு.

அவள் தரகரைக் கூப்பிட்டாள்.

“சார், உங்க லிஸ்ட்ல என் குடை இருக்கு.”

“குடை அங்க இருக்கா மேடம்?”

“இருக்கு. ஆனா அது என்னோடது சார். இன்னிக்குத்தான் எங்களோட வந்து இறங்குச்சு.”

“இருக்குல்ல? அப்ப டிக் போட்டுடுங்க.”

வைத்துவிட்டார். அவளுக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் டிக் போட்டாள். ஒன்பது வருஷம் ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்கைக் கட்டி மேய்த்தவள். இந்த மாற்றலுக்காக வேலையை விட்டு நாலு நாள்தான் ஆகிறது. தாளில் இருப்பது அலமாரியில் இருந்தால் டிக். இல்லையென்றால் அந்த வரியை அடித்து, ஓரத்தில் ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்து. கை தானாகச் செய்யும், தலையைக் கேட்காது.

கிடங்கில் சரக்கைச் சரிபார்க்க எப்போதும் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஒவ்வொன்றாகப் பெயர் கூப்பிட, ஒருவர் குறிக்க. இன்று இரண்டும் அவளே. “சோபா, மூன்று இருக்கை, ஒண்ணு. தரைவிரிப்பு, ரெண்டு” என்று வாய்விட்டுப் படித்துக்கொண்டே கூடத்தைச் சுற்றினாள். ஐந்து மணிதான் ஆகியிருந்தது. மழை மூட்டத்தில் ஜன்னல்களெல்லாம் சாம்பல் பூத்துக் கிடந்தன. மர மெருகின் வாசனைக்கு அடியில் நனைந்த காகிதத்தின் புளிப்பு வாடை, வருவதும் போவதுமாக இருந்தது. நான்காவது பக்கம் போனபோதுதான் அந்தச் சத்தத்தைக் கவனித்தாள். அவள் பேனா தாளில் கோடு கிழிக்கும் ஒவ்வொரு முறையும், ஒரு மூச்சு விட்டு, மாடியில் எங்கோ பென்சில் கிழித்தது.

நின்றாள். சத்தமும் நின்றது.

சிட்டுவாக இருக்கும். மகளுக்கு ஐந்து வயது. புது வீட்டில் தனக்கென்று ஓர் அறை என்றதும் குதித்த குதி கொஞ்சமா? வந்து இறங்கியதிலிருந்து மாடியை விட்டு இறங்கவில்லை. ஏதோ கிறுக்கிக்கொண்டிருப்பாள்.

“சிட்டு, சுவத்துல கிறுக்காதடி!”

“சரிம்மா!” என்று மேலிருந்து குரல் வந்தது.

தேநீர் குடித்தால் தேவலாம் போலிருந்தது. மத்தியானம் பெட்டியைப் பிரித்ததும் முதல் வேலையாகக் கெட்டிலை எடுத்துச் சமையலறை மேடையில் வைத்திருந்தாள். மேடை வெறுமையாக இருந்தது. மேலே கீழே தேடினாள். காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தாள். சமையலறைப் பக்கத்தைப் புரட்டினாள். பட்டியலில் கெட்டில் இல்லை. கடைசிப் பக்கத்தில் ‘கூடுதலாகச் சேர்ப்பவை’ என்று ஒரு வெற்றுக் கட்டம். பழக்கதோஷம், ‘கெட்டில்: 1’ என்று அதில் எழுதினாள்.

முதுகுக்குப் பின்னால் எதையோ மெல்ல வைக்கும் ஓசை கேட்டது.

மேடையில் கெட்டில் நின்றது. கெட்டில்தான். ஆனால் அவளுடைய கெட்டிலின் பிடியில் தீய்ந்த தழும்பு உண்டு, அடியில் ஒயர் உண்டு. இதில் ஒன்றும் இல்லை. மூடியைத் தூக்கப் பார்த்தாள். மூடியும் உடலும் ஒரே வார்ப்பு. மூக்கில் துளை இல்லை. கை வைத்த இடம் சில்லிட்டது. விரல்களைப் புடவையில் துடைத்துக்கொண்டு பின்னாலேயே நடந்து கூடத்துக்கு வந்தாள்.

நாலு ராத்திரியாகச் சரியான தூக்கம் இல்லை, அதுதான். கணவனைக் கூப்பிட்டாள்.

“ஏங்க, சீக்கிரம் வர முடியுமா?”

“என்னாச்சு?”

“ஒண்ணுமில்ல. இந்த லிஸ்ட்… எனக்கு என்னவோ போல இருக்கு.”

அவன் சிரித்தான். “உனக்கு லிஸ்ட்டைக் கண்டா கை சும்மா இருக்காதே. ஆறரைக்குள்ள வந்துடறேன். கண்ணை மூடிட்டுக் கையெழுத்தைப் போடு.”

அவன் சிரிப்பைக் கேட்டதும் கொஞ்சம் உயிர் வந்தது. சிட்டுவைக் கீழே கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளலாம் என்று படியருகே போனாள். மேலே மகளின் குரல் கேட்டது, ராகம் போட்டு, நிதானமாக.

“கட்டில், ஒண்ணு.”

பென்சில் கிழித்தது.

“மெத்தை, ஒண்ணு. தலையணை, ரெண்டு.”

கிழித்தது. கிழித்தது.

சிட்டுவுக்கு இன்னும் படிக்கத் தெரியாது.

படியிலேயே நின்று பட்டியலைப் புரட்டினாள். பக்கம் ஏழு. மாடி, கிழக்கு அறை. கட்டில் 1. மெத்தை 1. தலையணை 2. அலமாரி 1. அதற்கடுத்த வரியை இரண்டு முறை படித்தாள்.

‘சிறுமி, வயது ஐந்து, மேல் முன்பல் ஒன்று விழுந்தது: 1.’

முதலில் வந்தது நிம்மதிதான். சிட்டுவுக்குப் பல் விழவில்லை. காலையில் பல் தேய்த்துவிட்டவளே இவள்தானே. அரிசி அரிசியாக அத்தனை பல்லும் இருந்தது. இது யாரோ. விற்றுவிட்டுப் போனவர்களின் பெண்ணோ என்னவோ. யாராவது இருந்துவிட்டுப் போகட்டும்.

“அம்மா!”

சிட்டு படியின் தலைமாட்டில் நின்றாள். வாயைத் திறந்து காட்டினாள். நடுவே கறுப்பாக ஒரு சந்து.

“பல்லு விழுந்துடுச்சும்மா. வலிக்கவே இல்ல.”

“சிட்டு, கீழ வா.”

“இரும்மா. இன்னும் முடியல. நான் கூப்பிடணும், அவங்க குறிக்கணும்.”

“யாருடி? யாரு குறிக்கிறாங்க?”

சிட்டு திரும்பி அறைக்குள் பார்த்தாள். யாரோ ஏதோ கேட்டது போலத் தலையாட்டினாள். உள்ளே போனாள்.

“அலமாரி, ஒண்ணு.”

கிழித்தது.

அடுத்த வரி அதுதான். அவள் படிகளில் ஓடினாள். புடவை தடுக்கியது. முழங்கால் இடித்தது. மேலே குழந்தை மூச்சை இழுப்பது கேட்டது, அடுத்ததைக் கூப்பிட. தன்னையே கூப்பிட. என் பொண்ணு. உங்க சாமான் இல்ல. என் பொண்ணு. பட்டியலைச் சுவரில் அழுத்தினாள். பேனாவை ஊன்றினாள். அந்த வரியை அடித்தாள், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, தாள் கிழியக் கிழிய. கை நிற்கவில்லை. ஒன்பது வருஷக் கை. ஓரத்துக்குப் போய் எழுதியது. ‘இல்லை.’ கீழே கையெழுத்தும் போட்டது.

மாடி அமைதியானது.

என்ன எழுதினோம் என்று அப்போதுதான் பார்த்தாள்.

“சிட்டு?”

அறையில் கட்டில் ஒன்று. மெத்தை ஒன்று. தலையணை இரண்டு. அலமாரி ஒன்று. கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். அலமாரியைத் திறந்தாள். ஜன்னல் உள்ளே தாழிட்டிருந்தது. சிட்டுவின் பூப்போட்ட பை இல்லை. அவளுடைய சின்னச் செருப்புகள் இல்லை. கைப்பேசி நழுவி நழுவி விழுந்தது. கணவனைக் கூப்பிட்டாள்.

“ஏங்க, சிட்டுவக் காணோங்க!”

“யாரை?”

“சிட்டு! நம்ம சிட்டு!”

“சிட்டுன்னா யாரும்மா?” என்றான் அவன், நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவன் போல. “நீ கொஞ்சம் படுத்துத் தூங்கேன்.”

அவள் படியில் உருண்டாளா, ஓடினாளா, தெரியாது. கூடத்தில் மண்டியிட்டுக் கிடந்தாள். கடைசிப் பக்கம். வெற்றுக் கட்டம். அய்யோ, சீக்கிரம், சீக்கிரம். ‘கெட்டில்: 1’ க்குக் கீழே எழுதினாள்.

‘சிறுமி: 1.’

முற்றுப்புள்ளி வைத்தாள். பேனாவை எடுத்தாள்.

மேலே கட்டில் கிறீச்சிட்டது. சின்னக் கால்கள் தரையில் இறங்கின. அறையைக் கடந்தன. படியில் ஒவ்வொன்றாக வைத்து வந்தன.

“சிட்டு! தங்கம்! வாடி கண்ணு!” அழுகையும் சிரிப்புமாகக் கைகளை விரித்தபடி நிமிர்ந்தாள்.

சிட்டுவின் உயரம்தான். கவுன் போட்டிருந்தது, ஆனால் அதற்கு நிறம் இல்லை. தலை இருந்தது, முடி இருந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் தோல் மட்டும், வழவழவென்று, ஒரு கோடு கூட இல்லாமல். அது கடைசிப் படியில் நின்று, தூக்கிக்கொள்ளச் சொல்லி இரண்டு கைகளையும் அவளை நோக்கி நீட்டியது.