ஓடிவந்த கங்காணி

காலை ஏழரை. வட்டவளைக் கடைவீதியில் பனி இன்னும் விலகவில்லை. போன் திருத்தும் ஜெயகாந்தன், கடையின் பின்னறையில் பழைய அமீகா கணினியைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். நேற்று மாலை அதன் அடிமூடிக்குள் பொருத்திய வேகமூட்டி அட்டையைக் காணவில்லை.

"பூட்டு உடையல. சாவி எங்க இருந்துச்சு?" என்றாள் பொலிஸ் சார்ஜன் சுதர்ஷினி. வேலைக்குப் போகிற வழியில் தேத்தண்ணிக்கு இறங்கியவள்.

"வழக்கம்போல பக்கத்துல, ஜீவராணி தேத்தண்ணிக்கடை ஆணியில."

"அட்டை இல்லாட்டி இது ஓடாதா?"

"ஓடும் தங்கச்சி, ஆமை மாதிரி. செத்துப்போன என் கூட்டாளி அழகன் சின்ன வயசுல இதுலதான் கொழுந்து பறிக்கிற ஆட்டம் ஒன்னு எழுதுனான். இன்னைக்குப் பகல் ஹட்டன் மண்டபத்துல அவன் நினைவுக்கூட்டம். ஆட்டத்த பெரிய திரையில போடுறோம். இப்பத்த புள்ளைங்க சிரிக்கக் கூடாதுன்னுதான் அட்டைய வெளிநாட்டுலேருந்து எடுத்தேன்."

"ஆட்டத்த ஓட்டிப் பாத்தீங்களா?"

"இல்ல. கணினி எழும்புச்சு, பூட்டிட்டுப் போயிட்டேன். ஆட்டம் இருக்கிற புளொப்பிய உறையிலதான் வச்சேன்."

சுதர்ஷினி குனிந்து பார்த்தாள். உறை வெறுமையாய்க் கிடந்தது. புளொப்பி கணினிக்குள் இருந்தது.

பஸ் கண்டக்டர் மதுரன் வீட்டிலும் ஓர் அமீகா உண்டு. அந்த அட்டைக்கு ஆசைப்பட்டவன். பக்கத்துக் கடைக்குத் தேத்தண்ணி குடிக்க வந்தவனைச் சுதர்ஷினி உள்ளே கூப்பிட்டாள்.

"நேத்து சாயந்திரம் எங்க?"

"நல்லதண்ணி பஸ்ஸுல மேடம். சிவனொளிபாதமலை சீசன் கூட்டம், மூச்சுவிட வழியில்ல. எடுத்திருந்தா இங்கயே தேத்தண்ணி குடிக்க வருவேனா?"

தம்ளர்களோடு வந்தாள் ஜீவராணி. அழகனின் தங்கை.

"நான் அந்தப் பக்கமே போகல புள்ள. அண்ணன் போனப்புறம் ஆட்டத்த தொட்டதே இல்ல. தொட்டாலும் என்ன? கூடை காவாசி நிரம்புறதுக்குள்ள செவப்பு எழுத்துல அரைப்பேருன்னு விழும்."

கொழுந்து நிறை குறைந்தால் பாதிச் சம்பளம். அதுதான் தோட்டத்தில் அரைப்பேர். மதுரன் சிரித்தான். "அக்கா கை அவ்வளவு மெதுவா?"

சுதர்ஷினி சிரிக்கவில்லை.

"ஜெயகாந்தண்ணே, அந்தச் செவப்பு எழுத்து எப்ப வரும்?"

"வரவே வராதே! இவங்கம்மாவுக்கு அரைப்பேரு போட்ட கோவத்துலதான் அழகன் அத எழுதுனான். கங்காணி நடந்து வந்து சேர்றதுக்குள்ள எப்பேர்ப்பட்ட கையும் கூடைய நிரப்பிரும். அரைப்பேருன்னு ஒரு எழுத்து உள்ள இருக்குன்னு சொல்லுவான். நாங்க யாரும் கண்டதில்ல."

"அப்ப ஜீவராணியக்கா, அது செவப்புன்னு ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

தம்ளர் ஒன்று மேசையில் தட்டுப்பட்டது.

"அட்டைய போட்டா ஆட்டமும் வேகமாகும். கங்காணி நடக்க மாட்டான், ஓடுவான்," என்றாள் சுதர்ஷினி. "நேத்து அத ஓட்டிப் பாத்த ஆளுக்கு மட்டுந்தான் அந்த எழுத்து விழுந்திருக்கும். புளொப்பிய வெளிய எடுக்க மறந்துட்டீங்க."

ஜீவராணி தன் கடைக்குப் போய்த் தேயிலைத் தகரத்துக்குள்ளிருந்து ஒரு துணிப்பொட்டலத்தைக் கொண்டுவந்தாள். உள்ளே அட்டை.

"கூட்டத்துக்கு முன்னால தனியா ஒருக்கா பாக்க ஆசையா இருந்துச்சு. கங்காணி நாய் தொரத்துன மாதிரி ஓடியாந்தான். போட்டதெல்லாம் அரைப்பேரு. எங்கம்மா சாகுற வரைக்கும் வாங்குனது போதாதா? அண்ணன் ஆட்டத்துலயும், ஊரே பாக்க வாங்கணுமா?"

"சொல்லியிருந்தா நானே கழட்டியிருப்பேனே."

"வெளிநாட்டுச் சாமான்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டுத் திரிஞ்சீங்க. ஒங்க மொகத்தப் பாத்து எப்பிடிச் சொல்றது?"

ஜெயகாந்தன் அட்டையை மதுரனிடம் நீட்டினான். "ஒன் வீட்டுல கங்காணி இல்ல. நீ போட்டுக்க."

பிறகு கணினியை நிமிர்த்தி உயிர்கொடுத்தான். திரையில் பச்சை நிரைகள் எழுந்தன. ஜீவராணியின் விரல்கள் விசைகளைத் தேடிப் பிடித்தன. கூடை நிரம்பியது. அழகன் புள்ளி புள்ளியாய் வரைந்த கோணல் எழுத்தில் வந்தது: முழுப்பேர்.

குடை பிடித்த கங்காணி அப்போதுதான் பாதி வழி வந்திருந்தான்.