கூர்மொட்டை மேகத்துக்குள் ஒரு புகைத்தடம்

"ஏ தாயி, மேல பாரு! மலைக்குத் தலையவே காணோம்!" என்று கத்தினாள் விருமாயி.

பவளம் அண்ணாந்து பார்த்தாள். நேற்றுவரை ஏலத்தோட்டத்துக்கு மேலே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்ற கூர்மொட்டை மலை, இன்றைக்குக் கழுத்துவரைதான் இருந்தது. அதற்கு மேலே வெள்ளை. வெறும் வெள்ளை. அந்த வெள்ளைக்குள் எங்கேயோதான் அவள் தம்பி வைரமணி இருந்தான்.

வைரமணி மேக ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்க்கிறவன். மலை உச்சியில் ஒரு இரும்புக் கம்பம், அதில் காற்றை உறிஞ்சித் தூசி பிடிக்கிற கருவி. அதைச் சுத்தம் பண்ணப் போனவன் நேற்றுச் சாயங்காலமே இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. வாக்கிடாக்கியிலும் சத்தமில்லை. இளவட்டம்தானே, பாறைக்கடியில் முடங்கிக் கிடந்துவிட்டு வருவான் என்று இருந்துவிட முடியுமா? முடியாது. சின்ன வயதிலிருந்தே அவனுக்குச் சர்க்கரை நோய். தினம் இன்சுலின் ஊசி போட்டால்தான் உயிர். "பொழுதுக்குள்ள வந்துடப் போறேன், எதுக்கு இதையும் சுமக்கணும்?" என்று ஊசிப் பையை அறையிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தான், அறிவாளி!

அடிவாரத்து ஆஸ்பத்திரி டாக்டர் போனில் ஊசியின் அளவைச் சொன்னார். "இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள மருந்து உள்ள போயாகணும்மா. அப்புறம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்துடணும். தாமதமாச்சுன்னா எங்க கையில இல்ல" என்றார்.

பவளம் ஊசிப் பையை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு புறப்பட்டாள். வழி காட்ட விருமாயி. ஏலக்காய் பறிக்கிறவள், மலை முழுக்க நடந்த கால். மூன்றாவதாக ஜெசிந்தா, வைரமணியின் மேலதிகாரி. தூத்துக்குடிக்காரி. மேகத்தைப் படித்து டாக்டர் பட்டம் வாங்கியவள்.

"ஊசி போடத் தெரியாத டாக்டரு எதுக்குத்தாயி நம்மகூட?" என்று விருமாயி பவளத்தின் காதில் கேட்டாள்.

"எனக்குக் காது நல்லாக் கேக்கும்" என்றாள் ஜெசிந்தா. "நட விருமாயி, நட!"

ஏலச்செடிகளைத் தாண்டி, சோலைக்காட்டைத் தாண்டி, புல்மேட்டுக்கு ஏறினார்கள். அட்டைகள் காலில் தொற்றின. விருமாயி உப்புப் பொட்டலத்தை அவிழ்த்துத் தேய்த்துத் தேய்த்து உதிர்த்தாள். புல்மேட்டின் மேலே மேகம் தொடங்கியது. உள்ளே நுழைந்ததும் மூன்று பேரும் மூட்டை கட்டுகிற கயிற்றை இடுப்பில் சுற்றி ஒருவரோடு ஒருவர் பிணைத்துக்கொண்டார்கள். நல்லவேளை, மேகம் சன்னமாகத்தான் இருந்தது. முன்னே போகிறவளின் முதுகும், அதற்கப்பால் நாலைந்து பாறைகளும் தெரிந்தன.

ஒரு பள்ளத்தில் வந்து நின்றார்கள். காற்று செத்துக் கிடந்தது.

"தம்பீ! வைரமணீ!"

பதிலே இல்லை.

"புகை போடுவோம்!" என்றாள் பவளம். அந்த மலைத் தோட்டங்களில் அது வழக்கம். காட்டில் யாராவது வழி தப்பிப்போனால் மேட்டில் பச்சைத்தழையைக் கொளுத்துவார்கள். புகையைப் பார்த்து, வழி தப்பினவர் வந்து சேருவார். பவளமும் வைரமணியும் அதைப் பார்த்தே வளர்ந்தவர்கள்.

நல்ல வெயில் நாளில் பலிக்கிற வழக்கம் அது. மேகத்துக்குள் நின்றுகொண்டு செய்கிறோமே என்று அவர்களுக்குத் தோன்ற வேண்டுமே! பதற்றத்தில் தோன்றவில்லை. விருமாயி சுள்ளி பொறுக்கினாள். பவளம் கொண்டுவந்திருந்த மண்ணெண்ணெயை ஊற்றிக் கொளுத்தித் தழையைக் குவித்தாள். ஜெசிந்தாவும் குனிந்து கன்னம் உப்ப ஊதினாள். புகை குபுகுபுவென்று கிளம்பியது. கண் எரிந்தது, மூக்கு எரிந்தது, துணியெல்லாம் புகை நாற்றம்!

கொஞ்ச நேரம் கழித்துப் பவளம் நிமிர்ந்து பார்த்தாள். பாறைகளைக் காணோம். விருமாயியைக் காணோம். தன் கையை நீட்டினாள்; முழங்கைக்கு அந்தப்பக்கம் கையையும் காணோம்!

"விருமாயிக்கா!"

"கயித்துலதான் இருக்கேன் தாயி! இது என்ன கூத்து?"

"ஐயோ மாதாவே!" என்று அலறினாள் ஜெசிந்தா. "அணைங்க! நெருப்பை அணைங்க! படிச்ச படிப்பையே மறந்துட்டேனே!"

ஈர மண்ணை அள்ளிப் போட்டு அணைத்தார்கள். ஜெசிந்தா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"வெறும் ஈரக்காத்து தன்னால மேகமாகாது பவளம். ஒவ்வொரு துளிக்கும் உக்காந்துக்க ஒரு தூசி வேணும். கடலுப்பு, மண்ணுப்பொடி, புகை, ஏதோ ஒண்ணு. தூசி கம்மியா இருந்தா துளி பெருசாகிக் கீழ விழுந்துரும். நாம கோடிகோடியாப் புகைத்தூசியைக் கொடுத்துட்டோம். இருக்கிற தண்ணியை அத்தனையும் பங்கு போட்டுக்கிச்சு. எல்லாம் பொடித்துளி. விழவும் விழாது, அப்படியே சுவரு மாதிரி தொங்கும்."

"பத்துப் பேரு சோத்தை நூறு பேருக்குப் பரிமாறின மாதிரியா?" என்று கேட்டாள் விருமாயி.

"அதேதான்."

"இதுக்குத்தான் சம்பளம் குடுத்து உங்களை வெச்சிருக்காங்களா டாக்டரம்மா? கூட நின்னு ஊதுனீங்களே!"

ஜெசிந்தா திடீரென்று எழுந்து, "உப்பு! விருமாயி, உப்பைக் கொடு! பெரிய உப்புத்தூள் தண்ணியை இழுத்துக்கும், துளி கனமாகி விழும்!" என்று பொட்டலத்தைப் பிடுங்கி வானத்தைப் பார்த்து வீசினாள்.

மூவரும் காத்திருந்தார்கள். வீசின உப்பு அவர்கள் தலையிலேயே விழுந்தது. மலையளவு மேகத்துக்கு ஒரு பொட்டலம் உப்பு எந்த மூலைக்கு? உப்பும் போனதுதான் மிச்சம். இனி அட்டைகளுக்கு விருந்து. கடிக்கிற இடத்தைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

எழுந்து நடக்கவும் வழியில்லை. அந்தப் பள்ளத்துக்கு ஒரு பக்கம் செங்குத்துப் பாறைச் சரிவு. எந்தப் பக்கம் என்று இப்போது யாருக்கும் தெரியாது. பவளம் ஜாக்கெட்டுக்குள் இருந்த ஊசிப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். மருந்து இங்கே இருக்கிறது. தம்பி அங்கே இருக்கிறான். நடுவில் தன் கையாலேயே எழுப்பின சுவர். வெளிச்சம் மெல்ல மெல்லப் பழுத்துக்கொண்டு வந்தது. அழக்கூடத் தெம்பில்லை. சும்மா இருந்தாள். வேறென்ன செய்ய?

அப்போதுதான் ஒரு பக்கத்துக் கன்னத்தில் சில்லென்றது. காற்று! மெலிசான காற்று. அவர்கள் போட்ட புகையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் தள்ளிக்கொண்டு போனது. பாறைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. பாறைச் சரிவும் தெரிந்தது. உட்கார்ந்திருந்த இடத்துக்கு எவ்வளவு பக்கத்தில்! விருமாயி பார்த்துவிட்டுக் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"எந்திரிங்க! இப்பவே நடப்போம்!" என்றாள் பவளம்.

தங்கள் புகையிலிருந்து விலகக் காற்றுக்கு எதிராக, சரிவை ஒட்டாமல், குனிந்து நடந்தார்கள். ஜெசிந்தாவின் மூக்குக்கண்ணாடியில் துளிகள் கோத்துக் கோத்து வழிந்தன. நிமிடத்துக்கொரு தடவை துடைத்தாள். அப்புறம் ஓரிடத்தில் நின்றுவிட்டாள்.

"என் கண்ணாடியைப் பாரு பவளம்! துளி வழியல. வெறும் ஆவிதான் படியுது. இங்க மட்டும் துளி பொடிசா இருக்கு!"

"மறுபடியும் வெள்ளை கூடுதே மேடம். அந்தப்பக்கம் விலகிப் போவோம்."

"விலகக் கூடாது! இங்க புகை இருக்கு!"

"நம்ம புகைதான். எனக்கு மூக்கெல்லாம் அதே நாத்தம்" என்றாள் விருமாயி.

"நம்ம புகை காத்தோட பின்னால போயிருச்சு. இது எதிர்க்க இருந்து வருது! அங்க யாரோ நெருப்புப் போட்டிருக்காங்க!"

பவளம் சட்டென்று அந்தப் பக்கம் திரும்பினாள். கூர்மொட்டை மேலே இன்றைக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

அதன்பிறகு அவர்கள் போன போக்கு இருக்கிறதே, பைத்தியக்காரப் போக்கு! கண் தெரிகிற பக்கம் போகாமல், கண் தெரியாத பக்கமே போனார்கள். ஜெசிந்தாவின் கண்ணாடியில் துளி வழிந்தால் தடம் தப்பிவிட்டது என்று அர்த்தம். பக்கவாட்டில் நகர்ந்து தேடுவார்கள். வெறுமனே மங்கினால் சரியான வழி. விருமாயி கம்பால் தரையைத் தட்டித் தட்டி முன்னே போனாள். வெள்ளை கூடக் கூடப் பவளம் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஆனாலும் நிற்கவில்லை.

கம்பு எதிலோ மெத்தென்று இடித்தது.

"ஆ!" என்றது அது.

"தம்பீ!"

பாறை இடுக்கில் கிடந்தான் வைரமணி. கணுக்கால் வீங்கி இருந்தது. வழுக்கி விழுந்தபோது வாக்கிடாக்கி பள்ளத்துக்குப் போய்விட்டதாம். உதடு வெடித்து, மூச்சு பெரிது பெரிதாக வாங்கியது. பக்கத்தில் பச்சைத்தழை குபுகுபுவென்று புகைந்துகொண்டிருந்தது. ஆமாம், அவனும் அதே தோட்டத்தில் வளர்ந்தவன்தானே!

பவளம் அளவைச் சரிபார்த்து, வயிற்றில் ஊசியை ஏற்றினாள். ஜெசிந்தா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். விருமாயி அவன் வாயில் மடக்கு மடக்காகத் தண்ணீர் ஊற்றினாள்.

"நேத்துலேருந்து... புகை போட்டேன்க்கா" என்று முனகினான். "போடப் போட... ஒண்ணுமே தெரியல."

"நாங்களும் போட்டோம்டா."

அவன் சிரிக்கப் பார்த்தான். இருமல்தான் வந்தது.

சால்வையில் கயிற்றைக் கட்டித் தொட்டில் செய்தார்கள். ஓடைச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு விருமாயி வழி காட்டி இறக்கினாள். சோலைக்காட்டு ஓரத்தில் தோட்டத்து ஆட்கள் எதிரே ஓடி வந்தார்கள். "கிடைச்சிட்டான்! கிடைச்சிட்டான்!" என்ற கூச்சல் மலையில் மோதித் திரும்பியது. நன்றாக இருட்டியபோது ஜீப் ஆஸ்பத்திரி வாசலில் நின்றது.

இரண்டாம் நாள் காலையில் வைரமணி எழுந்து உட்கார்ந்து, "இட்லி இல்லையா?" என்று கேட்டான். டாக்டர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். பவளத்துக்கு அப்போதுதான் அழுகை வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினாள்.

அங்கே ஜெசிந்தா நின்றிருந்தாள். "கண்ணுக்கே தெரியாத பொடிதான் பவளம். அவசரப்பட்டு அள்ளிப் போட்டோம், மலையையே மறைச்சிருச்சு. நின்னு கவனிச்சோம், வழியைக் காட்டுச்சு" என்றாள்.

"கவனிச்சது சரி டாக்டரம்மா" என்றாள் பெஞ்சில் உட்கார்ந்து கால் கடியைச் சொறிந்துகொண்டிருந்த விருமாயி. "என் உப்புக்கு யாரு பதில் சொல்றது?"