உரிமையுள்ளோர்: ஒருவர்

காலையில் எழுந்ததும் எனக்கு முதல் வேலை, பச்சைக் குழாயின் முத்திரையைப் போட்டோ எடுப்பது. பல் தேய்ப்பதெல்லாம் அப்புறம். எங்கள் அடுக்களையில் இரண்டு குழாய்கள் உண்டு. நீலம் வெறுங்குழாய், அதில் வருவது தண்ணீர். பச்சை நலக்குழாய், அதில் வருவது மருந்து கலந்த தண்ணீர். குளியலறைத் தரையில் ஓர் உடல்வாசிப்பான் பதித்திருக்கிறார்கள். ஈரக்கால் பட்டதுமே ஆளுக்கு என்ன கோளாறு என்று அது படித்துவிடும். சர்க்கரையோ சளியோ, அவரவருக்கு வேண்டியது அடுத்த டம்ளரில் வந்துவிடும். இந்த ஹால்டன் துறைமுக ஊரில் ஆஸ்பத்திரி என்று ஒரு கட்டடத்தை நான் பார்த்ததே இல்லை.

ஆனால் அந்தச் சொகுசெல்லாம் நிலையர்களுக்கு, அதாவது இந்த நாட்டுக் குடிமக்களுக்கு. நாங்கள் தற்காலிகர்கள். பனி உருகிக் கரை தெரிந்த இந்தத் தென்கோடிக்கு நான் பாசித் தொட்டி வேலைக்கும், என் வீட்டுக்காரர் நம்பிராஜன் கப்பல் வெல்டிங்குக்கும் நான்கு வருடக் கான்ட்ராக்டில் வந்தோம். எங்கள் வீட்டுப் பச்சைக் குழாயின் வாயில் ஈய முத்திரை போட்டிருக்கும். மருந்து கிடையாது. ஆனாலும் சம்பளத்தில் ஆறில் ஒரு பங்கை நலத்தீர்வை என்று முதலிலேயே பிடித்துக்கொள்வார்கள். போகிற காலத்தில், இந்த வீட்டில் யாரும் ஒரு சொட்டு மருந்துகூடக் குடிக்கவில்லை என்று நிரூபித்தால் வரிக்கணக்கோடு அத்தனையும் திரும்பி வரும். நிரூபிக்காவிட்டால் கோவிந்தா.

அதனால்தான் தினமும் போட்டோ. நான் பிறவியிலேயே சந்தேகப் பிராணி. எதிர்வீட்டுக்காரி சீனி கேட்டு வந்து அடுக்களையில் நின்றாலும் என் கண் அவள் கையில்தான் இருக்கும். கட்டிய புருஷனையே நான் நம்பவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். போன வருடம் கல்லடைப்பு வந்து அவர் தரையில் உருண்டார். "ஒரே ஒரு வாய் குடிச்சுக்கிடுதேன் பேராச்சி" என்று கையெடுத்துக் கும்பிட்டார். நான் குழாய்க்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். ஐந்தாம் நாள் கல் தானாக விழுந்தது. அந்த ஐந்து நாளும் அவர் பட்ட பாட்டை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

கல்நெஞ்சக்காரி என்று நினைக்காதீர்கள். எங்கள் திசையன்விளைப் பக்கம் கடல் ஏறிக் கிணறெல்லாம் உப்பாகிவிட்டது. தீர்வைப் பணம் கைக்கு வந்தால் ஒரு நன்னீர் வடிப்பான் வாங்கி வைத்து ஊரோடு பிழைத்துக்கொள்ளலாம். வராவிட்டால் திரும்பவும் இன்னொரு தேசம், இன்னொரு கான்ட்ராக்ட். நாற்பது நாளில் கப்பல். நான் கோரிக்கையை அனுப்பிவிட்டு, ஆயிரத்துச் சொச்சம் போட்டோக்களையும் இணைத்துவிட்டு, நிம்மதியாக இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் சுவர்த்திரையில் பதில் வந்தது.

'நலத்தீர்வைத் திருப்புக் கோரிக்கை மறுக்கப்படுகிறது. இவ்வீட்டில் உரிமையுள்ளோர்: ஒருவர். சிகிச்சை நடைபெற்ற நாட்கள்: பத்தொன்பது.'

இரண்டு முறை வாசித்தேன். பிறகு மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தேன். இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தார். இந்த நாட்டில் தற்காலிகர் ஒருவர் நிலையராக ஒரே ஒரு குறுக்குவழிதான் உண்டு, நிலையர் ஒருவரைக் கட்டிக்கொள்வது. மறுநாளே உரிமை, மறுநாளே மருந்து. மூன்று வாரமாக மனிதர் சீட்டியடித்துக்கொண்டு வேலைக்குப் போனது என் நினைவுக்கு வந்தது.

"அவ பேரு என்ன?" என்றேன்.

"எவ பேரு?"

நான் திரையைக் காட்டினேன். அவர் வாசித்தார். முகம் கறுத்தது.

"ஏட்டி, இதக் காட்டி என்னயக் கேக்கியா? நான் ஒன்னயக் கேக்கணும். பகல்பூரா நான் கப்பல்ல கெடக்கேன். யாரக் கொண்டாந்து வீட்ல தங்க வச்ச? ஒன் பாசித் தொட்டி மேஸ்திரியா?"

"மேஸ்திரியா! வாய அளந்து பேசுங்க. எங்கயாச்சும் கையெழுத்துப் போட்டீங்களா? என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

"எங்கம்மா மேல சத்தியமாச் சொல்லுதேன், ஒண்ணும் போடல."

அவருடைய அம்மா மேல் செய்த சத்தியத்தையும் நான் நம்பவில்லை. பையைக் கொட்டிப் பார்த்தேன். இரண்டு கடலைமிட்டாயும் ஒரு கிழிந்த கையுறையும் விழுந்தன. அவர் கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தார், அங்கே மேஸ்திரி படுத்திருப்பான் என்று நினைத்தாரோ என்னவோ. முத்திரையை இருவரும் போய்ப் பார்த்தோம். கீறல்கூட இல்லை. வழக்கமாக இந்த அளவு சண்டைக்கு எங்கள் வீட்டில் ஒரு தட்டாவது பறக்கும். அன்று பறக்கவில்லை. வயது ஏறினால் நிதானம் வரும் என்பார்களே, அதுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அரை நாள் லீவு போட்டுவிட்டு இருவரும் நலத்தீர்வை ஆபீசுக்குப் போனோம். டிராமில் ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். தமிழர்களுக்கென்று மூன்றாம் மேசையில் குகநேசன் என்பவர் இருந்தார். தாத்தா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். மூன்று தலைமுறை ஆகியும் பேச்சு மாறவில்லை.

"இருங்கோ தங்கச்சி, இருங்கோ தம்பி" என்றவர் எங்கள் கோப்பைத் திறந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட சேதி சொல்கிறவர்கள்தான் கண்ணாடியைத் துடைப்பார்கள்.

"அது யாருன்னு சொல்லுங்க சார்" என்றேன். "இவுகளா? இல்ல, எனக்குத் தெரியாம எங்க வீட்டு விலாசத்துல எவளும் இருக்காளா?"

"உரிமையுள்ளவரின்ர விபரத்தை வேற ஆளுக்குச் சொல்லேலாது. பாதுகாவலருக்கு மட்டும் சொல்லலாம்." என் முகத்தைப் பார்த்தார். "நீங்கள்தான் பாதுகாவலர், தங்கச்சி. அவருக்கு இண்டைக்கு ஏழு கிழமையும் ரெண்டு நாளும்."

கிழமை என்றால் அவர்கள் பேச்சில் வாரம். ஏழு வார ஆள் யார் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. நம்பிராஜனுக்குத்தான் முதலில் விளங்கியது. என் கையைப் பிடித்தார். ஊரில் வைத்து இரண்டு முறை எனக்குக் கரு தங்கியது. இரண்டும் மூன்றாம் மாதத்தைத் தாண்டவில்லை. அதன்பிறகு அந்தப் பேச்சையே நாங்கள் விட்டிருந்தோம். இந்தக் குளிரில் என் உடம்பு மாதம் தவறுவதும் புதிதல்ல. நான் கவனிக்கவே இல்லை. குளியலறைத் தரை கவனித்திருக்கிறது.

குகநேசன் சட்டத்தைச் சொன்னார். இங்கே பிள்ளைகள் பிறப்பது குறைந்துபோனதால் போன வருடம் கொண்டுவந்தார்களாம். இந்த மண்ணில் உருவாகிற கரு, தெரிந்த நாளிலிருந்தே நிலையர். பெற்றவர்கள் யாராக இருந்தாலும் சரி. "நிலையருக்கு நோய், வருத்தம் எண்டால் உடனே மருந்து தொடங்கிவிடும். இந்தப் பிள்ளை நிண்டிருக்காது, தங்கச்சி. பத்தொன்பது நாளா மருந்துதான் பிடிச்சு வச்சிருக்கு."

"ஆனா பச்சக் குழாய்ல முத்திர இருக்கே சார்" என்றார் இவர்.

"நிறம்தான் ரெண்டு தம்பி. உள்ளுக்குள்ள பைப் ஒண்டுதான்."

"அப்ப போன வருசம் நான் கல்லடைப்புல உருண்டனே, அந்த நீலத்துலயே..."

"குடுத்திருக்கலாம். உரிமை இல்லையே."

நான் தரையைப் பார்த்தேன். ஐந்து நாள் நான் காவல் காத்த முத்திரை வெறும் பொம்மை என்று தெரிந்தபோது, என் வீட்டுக்காரரை நிமிர்ந்து பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

குகநேசன் இரண்டு ஃபாரங்களை எடுத்து வைத்தார். முதலாவது, சிகிச்சை வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பது. இன்றே மருந்து நிற்கும். பிள்ளை நிற்பதும் நிற்காததும் அதன் பாடு. தீர்வைப் பணம் மூன்று நாளில் வந்துவிடும். இரண்டாவது, சிகிச்சையை ஏற்பது. தீர்வை போய்விடும். நான் 'தாங்குநர்', அதாவது கருவைச் சுமக்கிறவள், என்ற பெயரில் பிரசவம் வரைக்கும், அதற்குப் பிறகு ஆறு மாதமும் இங்கே இருக்கலாம். அதன்பின் கப்பலேற வேண்டும்.

"பிள்ள?"

"பிள்ளை நிலையர் எல்லே? பன்னிரண்டு வயது வரைக்கும் நாட்டை விட்டுப் போகேலாது. இங்க பராமரிப்பு வீடுகள் நல்லா இருக்கு. நீங்கள் வந்து பார்க்கலாம். வாற நேரம் நலத்தீர்வை கட்ட வேணும், அவ்வளவுதான்."

"இவுக?"

"தம்பிக்கு நாற்பது நாளில கப்பல். அதில மாற்றமில்லை."

நான் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும். ரேஷனில் நூறு கிராம் அரிசி குறைந்தாலே கடை முன்னால் ஆடித் தீர்க்கிறவள் நான். பெற்ற பிள்ளையை ஆறாம் மாதம் பிடுங்கிக்கொள்வோம் என்று ஒரு மனிதர் முகத்துக்கு நேரே சொல்கிறார். எனக்கோ மத்தியானத் தூக்கம் போட்டு எழுந்தாற்போல் இதமாக இருந்தது. 'பன்னிரண்டு வருடம்தானே, ஓடிவிடும்' என்று மனதுக்குள் ஒரு குரல் சொன்னது. அந்தக் குரலை நான் இதற்குமுன் கேட்டதே இல்லை.

"சார், அந்தத் தண்ணியில எனக்கும் எதாச்சும் கலக்குதாகளா?"

அவர் மறுபடியும் கண்ணாடியைக் கழற்றினார். "தாங்குநர் பதட்டப்பட்டால் கருவுக்குக் கூடாது. கொஞ்சம்தான் தங்கச்சி. பயமும் கோபமும் மட்டும் அடங்குறதுக்கு."

"அடப்பாவிகளா" என்றேன். அதையும் இதமாகத்தான் சொன்னேன். "அப்ப இப்பக் கையெழுத்துப் போட்டா அது யாரு போட்ட கையெழுத்து? எனக்கு மூணு நாள் குடுங்க. அந்த மருந்து இல்லாம, எம் புத்தியோட யோசிச்சுட்டு வாரேன்."

"ரெண்டும் ஒரே மருந்துதான். பிரிக்கேலாது. மூண்டு நாள் நிப்பாட்டினால் பிள்ளை தாங்குமெண்டு நான் சொல்ல மாட்டன்." குரலைத் தாழ்த்தினார். "நான் செய்த சட்டமில்லை, தங்கச்சி."

நம்பிராஜன் என் பக்கம் திரும்பினார். காலையில் என்னை மேஸ்திரியோடு சேர்த்துப் பேசிய அதே வாய் இப்போது மெதுவாகக் கேட்டது.

"ஏட்டி, நீ என்ன சொல்லுத?"

"எனக்குப் பிள்ள வேணுங்க. உயிரோட வேணும். எங்கயாச்சும் இருக்கட்டும்."

"அது நீ சொல்லுதியா, தண்ணி சொல்லுதா?"

"தெரியலங்க. சத்தியமாத் தெரியல."

ஆயுள் முழுக்க ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவளுக்குக் கடைசியில் மிச்சமிருந்தது தன் மனசு ஒன்றுதான். அதுவும் போயிற்று. அவரிடம் மட்டும்தான் கலப்பில்லாத புத்தி இருந்தது. அந்தப் புத்தி என்ன சொல்கிறது என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சரி என்று தலையை ஆட்டினார். இரண்டாவது ஃபாரத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டேன். என் கை கொஞ்சமும் நடுங்கவில்லை.

"என்னங்க" என்றேன். "எனக்குக் கோவமே வர மாட்டேங்கு. இதுக்குக் கோவப்படாம இருந்தா நான் மனுசியே இல்ல. நீங்க கோவப்படுங்க. எம் பங்கையுஞ் சேத்துப் படுங்க."

அவர் எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. பாவம், அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர், வீட்டில் கத்துகிற வேலை எப்போதும் என்னுடையதுதான். "எம் பிள்ளய... எம் பிள்ளய எடுத்துக்கிட நீங்க யாருவே?" என்று தொடங்கினார். மேசையைக் குத்தினார். ஃபாரங்கள் பறந்தன. ஆபீஸ் முழுவதும் எழுந்து நின்றது. காவலாளி இரண்டு பேர் வந்து கதவோரம் நின்றார்கள், கிட்டே வரவில்லை. குகநேசன் தலையைக் குனிந்துகொண்டார்.

பாதியில் இவருக்குக் குரல் உடைந்து அழுகை வந்துவிட்டது. நான் எழுந்துபோய் அவர் முதுகைத் தடவினேன்.

"இன்னுங் கொஞ்சம் கத்துங்க" என்றேன்.