நாலு விரல் இடைவெளி

தொட்டி அறையின் தரையில் குப்புறக் கிடந்தார் அபூர்வ மீன்கள் சேகரிப்பவர்.

பின்மண்டையில் ரத்தம்!

வண்ணமீன் கடைக்காரர் குனிந்து கழுத்தைத் தொட்டார். சில்லென்றிருந்தது.

'டக்!'

முதுகுக்குப் பின்னால் கதவு பூட்டிக்கொண்டது.

"யாரது? கதவைத் திற!"

"திறப்பாங்க... போலீஸ் வந்து!" வெளியே இறந்தவரின் தம்பி. "எங்க அண்ணனையே தீர்த்துட்டியேடா, பாவி!"

"யோவ், நான் உள்ளே வந்து ரெண்டு நிமிஷம் ஆகலை! நீதானே கேட்டைத் திறந்து மாடிக்குப் போங்கன்னே?"

"அந்த மீனைத் திருப்பிக் கொடுங்கன்னு மாசாமாசம் அண்ணனை நச்சரிச்சியே... இல்லேன்னு சொல்லு பார்ப்போம்!"

கடைக்காரர் நச்சரித்தது நிஜம்!

ஜன்னல் இல்லாத அறை. சூடு குறையாமலிருக்கச் சுவரெங்கும் தெர்மாகோல். ஈரப் புழுக்கம் நெஞ்சை அடைத்தது. செல்போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை.

அவரும், பிணமும், பதினோரு தொட்டிகளும்!

கடைசித் தொட்டியில்தான் அந்தப் பிச்சிர் மீன். பாம்பு உடம்பு, முதலைச் செதில், முதுகு நெடுகக் குட்டித் துடுப்புகள். சாதா பிச்சிர் எந்தக் கடையிலும் கிடைக்கும். இந்த ரகம் எங்கோ ஒரே ஒரு நதியில் மட்டும். ஒன்பது வருடத்துக்கு முன் அவர்தான் வரவழைத்துக் கொடுத்தார்.

இப்போது அது கண்ணாடி மூடியில் முட்டிக்கொண்டு மிதந்தது... விறைத்து!

அரைமணி கழித்துக் கதவு திறந்தது. கைவிலங்கோடு ஒரு பெண் இன்ஸ்பெக்டர். பின்னால் எட்டிப் பார்த்த தம்பி அலறினான்.

"ஐயோ, மீன்!"

"மேடம், ஒரு நிமிஷம்..." கடைக்காரர் கெஞ்சினார். "தண்ணி மூடி வரைக்கும் நிக்குது, பாருங்க. கிளிப் வேற மாட்டியிருக்கு."

"மீன் தொட்டின்னா தண்ணி இருக்காதா?"

"இது மேல வந்து காத்தை இழுத்து மூச்சு விடற மீன். நாலு விரல் இடைவெளி வேணும். இல்லேன்னா தண்ணிக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துடும். இந்தத் தொட்டி நிரம்பவே ஒரு மணி நேரமாகும். மீனோ விறைச்சே போச்சு. நான் எப்ப வந்தேன்னு தெருமுனை கேமராவைப் பாருங்க."

இன்ஸ்பெக்டர் திரும்பினார். "யார் ரொப்பினது?"

"அண்ணனாத்தான் இருக்கும்..." என்றான் தம்பி.

"ஒன்பது வருஷம் வளர்த்தவரா?" கடைக்காரர் கொதித்தார். "எவனோ விவரங்கெட்ட முட்டாள்!"

"யாருய்யா முட்டாள்?" தம்பி சீறினான். "கைகலப்புல பைப் பிடுங்கிக்கிட்டுப் பாதித் தண்ணி போயிடுச்சு... மீனாவது பொழைக்கட்டும்னுதானே..."

நாக்கைக் கடித்துக்கொண்டான்.

விலங்கு தம்பியின் கைக்கு மாறியது.

"அண்ணனை அடிச்சுப் போட்டுட்டு மீனுக்குத் தண்ணியா?"

"வேற யார்கிட்டயும் இல்லாத மீன், மேடம்..." தம்பி தேம்பினான். "வாங்க ஆள் ரெடி. அண்ணன்தான் விக்க மாட்டேன்னு ஒத்தைக் கால்ல நின்னாரு..."

கடைக்காரர் நெற்றியைத் துடைத்தார்.

"உங்க அண்ணன்கிட்ட இதைச் சொல்லத்தான் இன்னிக்கு வந்தேன். இந்த ரகத்தைப் பண்ணையில குஞ்சு பொரிக்க வச்சுட்டாங்க. நேத்து என் கடைக்கே இருநூறு குஞ்சு வந்திருக்கு. அடுத்த மாசம் யாரு வேணும்னாலும் வாங்கலாம்!"

தம்பி சுவரோடு சரிந்தான்.

"மனசை விடாதே, தம்பி," இன்ஸ்பெக்டர் அவன் தோளைத் தட்டினார். "மீனைத் தண்ணியில மூழ்கடிச்சுக் கொன்ன ஆளு... அந்த ரகம் இன்னும் பண்ணைக்கு வரலை!"