காப்பிக் கூஜாவில் படிந்த மூச்சு

பட்டறைக்காரி தாமசின் இன்னும் ஊதிப் பார்க்கவே இல்லை. அதற்குள் வெள்ளிக் கூஜாவின் அடியில் வெண்மையாக மூச்சு படிந்திருந்தது.

துடைத்தாள். வெள்ளிக்கு எடை பார்த்து வரி போடுகிறார்கள்; இவ்வளவு பெரிய காப்பிக் கூஜாவைப் பொற்கொல்லர் சங்கத்துக்குத் தர முத்திரை வாங்கக் கொண்டுபோனால் கையைக் கடிக்கும். அதனால் செத்துப்போன கணவன் ஜோசையா கடைசிவரை மருந்து குடித்த சின்னக் கோப்பையின் அடியை, பழைய முத்திரையோடு வட்டமாக வெட்டி, இதில் பற்றவைத்துவிட்டாள். லண்டனில் பல பட்டறைகளில் நடக்கிற தில்லுமுல்லுதான். அகப்பட்டால் தூக்கு. பற்றவைத்த கோடு கண்ணுக்குத் தெரியாது. மூச்சுக் காற்று பட்டால் மட்டும் வளையமாகத் தெரியும்.

"ஐயா வாய் வச்ச கோப்பையை வெட்டினீங்களே, கை கூசலையாம்மா?" என்றாள் மெருகுபோடும் ஹெஸ்டர்.

"செத்த மனுஷனுக்கு மருந்து எதுக்குடி? வாயை மூடிட்டுத் தேய்."

மறுபடி படிந்தது. நடுவில் வளையம், பளிச்சென்று.

"நீ ஊதினியா?"

"இங்கே உக்காந்து ஊதினா அங்கே வருமா? நல்லா இருக்கே கதை!"

வெளியே பகலையே மூடிய பனிமூட்டத்தில் வண்டிச் சக்கரங்களின் ஓசைகூட அமுங்கிப்போயிருக்க, உலைக்கரியின் புகை நாற்றத்தை மீறி வினிகரும் தேனும் கலந்த அந்த இருமல் மருந்தின் வாடை எழுந்தது. கூஜாவின் மூக்கிலிருந்து, ஜோசையாவின் கடைசி நாட்களில் கேட்ட அதே இழுப்பு, மெல்ல, விட்டுவிட்டு வந்தது.

துடைத்தாள். படிந்தது. துடைத்தாள்.

கதவு தட்டப்பட்டது. "சங்கத்துச் சோதனை! திறங்க!"

ஹெஸ்டர் திறந்துவிட்டாள். வந்த அதிகாரி நேராகக் கூஜாவை எடுத்தார். கவிழ்த்தார். அடியைத் தன் வாயருகே கொண்டுபோய் நீளமாக ஊதினார்.

தாமசின் துடைத்த துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

வெண்மை படிந்தது. கலைந்தது. வளையம் இல்லை. ஒரு கீறல்கூட இல்லை.

"நேர்த்தியான வேலை," என்று கூஜாவை நிமிர்த்தி வைத்தார்.

அவளுக்குச் சிரிப்பு பொங்கியது. பிழைத்தாள்!

ஹெஸ்டர் சிரிக்கவில்லை. "அம்மா... உங்க கழுத்து..."

பிடரியில் ஈரமாக, சில்லென்று ஒரு மூச்சு பட்டது.

தாமசின் கூஜாவின் வயிற்றைப் பார்த்தாள். அதில் அவள் முகம். அதன் கீழே, கழுத்தைச் சுற்றி, பற்றவைத்தது போல மெல்லிய கோடு.