பொருந்தாத மாம்பழச்சிட்டு

செவ்வாயின் மூன்றாம் குவிமாடத்தில், வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் யாழரசி காலைக் காபிக்கு முன்பாக ஒரு வேலையை முடித்துவிடுவாள். பொரிப்பகத்தில் வளர்ந்த குருவி ஒன்றைப் படமெடுக்க வேண்டும். இனங்காணி அதை ஏற்காவிட்டால் உரத்தொட்டிக்குள் போட வேண்டும். தொட்டி வலியில்லாமல் கொன்றுவிடும் என்பதால் காபியின் ருசி கெடுவதில்லை.

பூமியில் அழிந்துபோன மாம்பழச்சிட்டை உறையவைத்த கருக்களிலிருந்து மீட்கும் கூடம் அது. உள்ளங்கைக்குள் அடங்கும் உடம்பு, பளிச்சென்ற மஞ்சள் வயிறு, கறுப்பு இறக்கை. இனங்காணி என்னும் இயந்திரம் புதுக் குருவியின் படத்தைப் பூமியிலிருந்து வந்த ஒரு கோடிப் படங்களோடு ஒப்பிடும். பொருந்தினால் பச்சை விளக்கு. பொருந்தாதது பிழைப்பிறவி. ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுதான் என்று செவ்வாய்ப் பாடநூல் சொன்னது. அதுவும் அந்தப் படங்களைப் பார்த்து எழுதியதுதான்.

ஆறு ஆண்டுகளில் நானூற்றுப் பன்னிரண்டு குருவிகள் தோட்டக்கூண்டில் சேர்ந்திருந்தன. நாளெல்லாம் பாடின. குடியிருப்புக் குழந்தைகள் அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் கண் விழித்தார்கள். ஆனால் ஒரு குருவிகூட முட்டையிடவில்லை. மரபணுச் சோதனைக் கருவி கேட்டு யாழரசி ஐந்து முறை எழுதினாள். "ஒரு கோடி படம் இருக்கே, கருவி எதுக்கும்மா?" என்று குடியிருப்புத் தலைவர் தணிகைவேல் ஐந்து முறையும் மறுத்துவிட்டார்.

இன்று கூடத்தை மூடும் உத்தரவோடு அவரே வந்திருந்தார். உறைகருக்கள் தீர்ந்துவிட்டன. யாழரசியின் கையில் இருந்தது கடைசிக் குருவி.

சிவப்பு விளக்கு எரிந்தது. "பிழைப்பிறவி. இறக்கையில் கறுப்பு இல்லை. மஞ்சள் மங்கல். பச்சை கலந்திருக்கிறது" என்றது இனங்காணி.

"போட்டுட்டு வாம்மா, பூட்டிட்டுப் போயிடலாம்" என்றார் தணிகைவேல்.

யாழரசிக்கு மனசு வரவில்லை. பழக்கத்தில் கை தொட்டிப் பக்கம் போனது. ஆனால் இதுதான் கடைசி என்ற நினைப்பில் பிடி தளர்ந்தது. குருவி நழுவி, திறந்திருந்த கதவு வழியே தோட்டக்கூண்டுக்குள் பறந்தது.

பாட்டு நின்றது. ஆறு ஆண்டுகளில் இதுவே முதல் முறை. எல்லாக் குருவிகளும் ஒரே பக்கம் திரும்பின. ஒன்று மட்டும் கிளையிலிருந்து நேராக மேலே எழும்பி, முதுகு இறகை உப்பவைத்து, பஞ்சுருண்டை மாதிரிச் சுற்றிச் சுற்றி இறங்கிப் புதுக் குருவியின் அருகில் உட்கார்ந்தது. அடுத்து இன்னொன்று எழும்பியது. பிறகு பத்து. யாரும் கற்றுத்தராத ஆட்டம் அது.

யாழரசி தணிகைவேல் பக்கம் திரும்பினாள். "சார்... அது பொண்ணு சார்."

"அப்ப மத்ததெல்லாம்?"

"அத்தனையும் ஆணு." அவள் தொட்டியைத் திரும்பிப் பார்த்தாள். "இதுங்க இத்தனை வருஷமா பாடவே இல்ல சார். ஜோடியைக் கூப்பிட்டுட்டு இருந்திருக்கு. நான் வந்த பொண்ணையெல்லாம் ஒவ்வொண்ணா தொட்டியில போட்டிருக்கேன்."

பிழைப்பிறவிகளின் எண்ணிக்கை திரையில் இருந்தது: நானூற்றுப் பதினொன்று. பாதிக்குப் பாதி. அந்த எண்ணை ஆறு ஆண்டுகளாகப் பார்த்தவளுக்கு இன்றைக்குத்தான் அதன் பொருள் புரிந்தது.

தணிகைவேல் இனங்காணியிடம் பாய்ந்தார். "ஒரு கோடி படத்துல ஒரு பொண்ணுகூடவா இல்ல?"

"இல்லை. கப்பலின் நினைவகத்தில் இடம் போதாமல், இணையத்தில் அதிக விருப்பக்குறி பெற்ற படங்களை மட்டுமே ஏற்றினார்கள். மங்கலான குருவியை அநேகமாக யாரும் படமெடுக்கவில்லை. எடுத்த சிலருக்கும் விருப்பக்குறி விழவில்லை."

"பாவிங்க! பளபளன்னு இருந்தாத்தான் கண்ணுக்குத் தெரியுமா அவங்களுக்கு?" தணிகைவேல் தலையில் அடித்துக்கொண்டார். அவர் கண்ணில் நிஜமாகவே நீர் நின்றது. மூடும் உத்தரவைக் கிழித்துப் போட்டார். "இதை இப்பவே பூமிக்கு அனுப்பணும்" என்று கேமராவை எடுத்தார்.

கிளையில் ஜோடி ஒட்டி உட்கார்ந்திருந்தது. தணிகைவேல் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். இடப்பக்கம் நகர்ந்து பார்த்தார். முகம் சுளித்தார்.

"யாழரசி, அந்தப் பச்சைக் குருவியைக் கொஞ்சம் தள்ளி விடும்மா. நல்ல மஞ்சளை மறைக்குது."