நட்டாற்றில் நீண்ட கை

அக்டோபரில் அயர்லாந்தின் ஷானன் ஆற்றில் படகுகள் குறைவு. அதனால்தான் நுவாலா அந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்தாள். இதய அறுவை சிகிச்சைக்குப் பிறகு கோடை முழுவதும் ஜன்னலோரம் முடங்கிக் கிடந்த தம்பி டெக்லனை ஒரு நாளாவது ஆற்றுக் காற்றில் உட்காரவைக்க வேண்டும். வாடகைப் படகு. அவள் சுக்கான் பிடித்தாள். அவன் முன்பக்கம் கயிறோடு நின்றான்.

"என்னக்கா ஓட்டுற? வாத்துகூட நம்மள முந்திட்டுப் போகுது."

"வாய மூடிட்டு உக்காரு. டாக்டர் போட்ட தையல் பிரிஞ்சா என்னால தைக்க முடியாது."

முதலில் ஒரு கிராமத்துத் துறையில் ஒதுங்கினார்கள். பலகை மேடையில் பச்சை மழைக்கோட்டு அணிந்த பெண் ஒருத்தி நின்றிருந்தாள். டெக்லன் வீசிய கயிற்றைப் பிடித்துக் கட்டினாள். நாணல் பக்கம் நடந்து மறைந்தாள். அவள் கூந்தலிலிருந்து தண்ணீர் சொட்டியது.

அன்று மழையே இல்லை.

துறையோரத்து மதுவிடுதியில் சூடான சூப்பும் சோடா ரொட்டியும் சாப்பிட்டார்கள். டெக்லன் கிண்ணத்தை வழித்துத் தின்றதைப் பார்த்த நிம்மதியில் நுவாலா அந்தப் பெண்ணை மறந்தே போனாள்.

அடுத்தது, இடிந்த தேவாலயமும் பழைய கல்லறைகளும் மட்டுமே உள்ள தீவு. படகில்லாமல் அங்கே போக முடியாது. தீவைச் சுற்றி வேறு படகு எதுவும் தெரியவில்லை.

மேடையில் அதே பச்சைக் கோட்டு.

"டெக்லன், இங்க வேண்டாம். திரும்பிடலாம்."

"கல்லறையப் பாத்தா பயமா உனக்கு? பாவம், நமக்காகத்தானே நிக்கிறாங்க." அதற்குள் கயிற்றை அவளிடம் வீசிவிட்டான்.

கரையேறியபோது அங்கே யாரும் இல்லை. கட்டிய முடிச்சில் அழுகிய பாசி வாடை மட்டும் வீசியது. நுவாலா தம்பியை அதிக நேரம் நிற்கவிடவில்லை.

திரும்பும் வழியில் பனிமூட்டம் இறங்கியது. கரைகள் மறைந்தன. பறவைகளும் அடங்கிப்போயின. எஞ்சினின் மெல்லிய முனகல் மட்டும்.

அப்புறம் அந்தப் பாசி வாடை.

"அக்கா, கரை வந்திருச்சு," என்றான் டெக்லன், தூக்கத்தில் பேசுபவனைப்போல. "கை நீட்டுறாங்க."

படகு நட்டாற்றில் இருந்தது.

நுவாலா எட்டிப் பார்த்தாள். பனிக்குள் பச்சைக் கோட்டு. அதன் கீழே மேடை இல்லை. தண்ணீர்தான்.

டெக்லன் படகின் விளிம்புக் கம்பியைத் தாண்டி ஒரு காலை வெளியே வைத்துவிட்டான். அவன் மணிக்கட்டை ஒரு வெளுத்த கை பற்றியிருந்தது.

அவள் பாய்ந்து அவன் இடுப்பைக் கட்டிப்பிடித்து இழுத்தாள். மறுபக்கமும் இழுத்தது. நிதானமாக, அவசரமே இல்லாமல்.

"விடு! எனக்குன்னு இருக்கறது இவன் ஒருத்தன்தான். விட்டுடு!"

பிடி சட்டென்று விட்டது. இருவரும் தளத்தில் விழுந்தார்கள். ஆற்றில் ஓர் அலைகூட எழவில்லை.

"இறங்கணும்னு தோணுச்சுக்கா," என்றான் அவன், நீலம் பாரித்த மணிக்கட்டைத் தடவியபடி. "வேற எதுவுமே தோணல."

அந்தி சாயும்போது படகை ஒப்படைத்துவிட்டுக் காரில் கிளம்பினார்கள். ஆறு பின்னால் எங்கோ போய்விட்டது. வழியெல்லாம் வீட்டு விளக்குகள். நுவாலாவுக்கு அப்போதுதான் மூச்சு சீரானது.

கண்மூடிக் கிடந்த டெக்லன் மெதுவாகச் சொன்னான்:

"அக்கா, பின்னாடி கண்ணாடிய ஏத்திவிடேன். அவங்களுக்குக் குளிருதாம்."

நுவாலா திரும்பவில்லை. இரண்டு கைகளாலும் ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்திருந்தாள். எந்தப் பொத்தானையும் அவள் தொடவில்லை.

பின்னிருக்கை ஓரம், ஜன்னல் கண்ணாடி மெல்ல மேலேறி மூடிக்கொண்டது.